புகைபோக்கி வலது கைப் பக்கம்

1

இந்த மாசத்தோடு நான் மெல்போர்ன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நம்ம ஊர்ப் பெண்கள் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் என்ன பார்த்தீங்க, என்ன சாப்பிட்டீங்கனு எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் மூணாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனாலும் எழுத்து கையை விட்டுப் போகவில்லை. கடை வாசல் சிலேட்டில் தினமும் காலையில் இட்லி, பொங்கல், வடைனு எழுதிப் போட்ட கை இது. என் மகள் மல்லிகா, "நீ சொல்லும்மா, நான் எழுதறேன்"னு வந்தாள். வேண்டாம்னு சொல்லிவிட்டேன். அவள் எழுதினால் அவளுக்குச் சாதகமாக எழுதிவிடுவாள்.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்கிறேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஓலைக் கொட்டாயில் இட்லிக் கடை வைத்திருந்த கனகம்மா நான்தான். என் பெஞ்சில் உட்காராத தேசத்துக்காரன் இல்லை. சடை விழுந்த முடி, வெறுங்கால், கிழிந்த ஜிப்பா. ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு அரை நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டால் நான் கரண்டியோடு போய், "ஃபினிஷ்? கோ"னு சொல்வேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மறுநாள் அதே பெஞ்சுக்கு வருவார்கள்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு மல்லிகா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். மாப்பிள்ளை சுகுமாருக்குக் கம்ப்யூட்டர் வேலை. வீடு ஃபிட்ஸ்ராய் என்கிற பேட்டையில், ஒரு துணிக்கடைக்கு மாடியில். வந்த அன்றைக்கே மல்லிகா சொன்னாள்: "பயப்படாதம்மா. இந்தப் பக்கம் ஆளுங்க ஒரு மாதிரி இருப்பாங்க."

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அதே சடை. அதே வெறுங்கால். எதிர்க் காபிக் கடையில் ஒருத்தன் காலி கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

"இவங்களைப் பாத்து நான் ஏன்டி பயப்படணும்? இவங்களுக்கெல்லாம் சோறு போட்டவ நான்"னு சொன்னேன்.

2

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது. ஆட்களைப் பார்த்து இல்லை. மலை இல்லை.

நமக்கு எல்லாமே மலையை வைத்துத்தானே. பஸ் எங்கே நிற்கும், தண்ணி எந்தக் குழாயில் வரும், மழை எந்தப் பக்கம் இறங்கும், எல்லாம். தூங்கி எழுந்து வாசலுக்கு வந்தால் மலை நிற்கும். இங்கே தட்டு மாதிரி தரை. எந்தத் தெருவில் நின்றாலும் அடுத்த தெருவும் அதே மாதிரி இருக்கிறது. கீழே இறங்கி ரொட்டி வாங்கப் போனாலும் நான் எந்தத் திசையில் நிற்கிறேன்னு தெரியவில்லை.

ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது சமையல்கட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். ஒரு பழைய பிஸ்கட் பேக்டரி, அதன் செங்கல் புகைபோக்கி. நெட்டுக்குத்தலாக, கூரைகளுக்கெல்லாம் மேலே. இப்போது அதில் புகை வருவதில்லை. பேக்டரிக்குள் படம் வரைகிறவங்களும் பாட்டுப் பாடுகிறவங்களும் குடியிருக்கிறார்கள். மலைக்கு இது ஈடுனு நான் சொல்லவில்லை, அப்படி நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் நடுவில் ஒன்று வேண்டும், இல்லையா. கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து நான் கிளம்பினால் புகைபோக்கி வலது கைப் பக்கம். கிரிவலம் போகிற கணக்குத்தான். வீட்டை விட்டு இறங்கி, முனைக்கு முனை வலது பக்கமே திரும்பி, ஒரு சுற்று முடித்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுவேன். நடுவில் திரும்புவது கிடையாது. எதிர்ச்சுற்று கிடையவே கிடையாது. ஒரு கடையில் தயிர் வாங்க மறந்துவிட்டால், அந்தக் கடைக்கு நாளைக்குத்தான். மல்லிகா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தச் சுற்றில் நான் கண்டதைச் சொல்கிறேன், யாராவது இந்தப் பக்கம் வந்தால் உதவும்.

முதல் முனையில் கிரேக்கத்துக் கிழவர் கோஸ்டாவின் ரொட்டிக் கடை. கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து, காகிதம் மாதிரி மாவை அடுக்கடுக்காக மடித்துச் சுட்டு வைப்பார். சூடாக இருக்கும்போது வாங்க வேண்டும், ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். நான் முதல் நாளே தட்டைத் தொட்டுப் பார்த்து, "ஹாட், கொண்டா"னு சொன்னேன். அவர் தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பிலிருந்து எடுத்து வந்தார். அப்போதிருந்து எனக்கு எப்போதும் உள்ளேயிருந்துதான்.

அடுத்து வியட்நாம்காரம்மா கடை. பாசிப்பருப்புப் பூரணத்தை வாழை இலையில் சுற்றி அவித்து விற்கிறாள். வெல்லம் கம்மி, தேங்காய் ஜாஸ்தி. குறை சொல்வதற்கில்லை. அப்புறம் சுவர்கள். ஒரு சந்து முழுக்க மண்ணிலிருந்து மாடி வரைக்கும் படம். நீல மூஞ்சிப் பொம்பளை, ரெக்கை வைத்த மீன். யாரும் 'நோட்டீஸ் ஒட்டாதீர்'னு எழுதவில்லை. சனிக்கிழமையில் பேக்டரி முற்றத்தில் சந்தை. மண் சட்டி, பாசிமணி, பழைய துணி, பழைய பாட்டுத் தட்டு. அங்கே காபி போடும் இடத்தில் ஒரு பையன் என்னை உட்கார வைத்துப் படம் வரைந்தான். வாங்கிப் பார்த்தேன். மூக்குத்தி ஒரு பக்கம்தான் போட்டிருந்தான். மூக்கின் அடுத்த பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "டூ"னு சொன்னேன். போட்ட பிறகுதான் எழுந்தேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சாபா கடை. எத்தியோப்பியாக்காரி, என் மகள் வயசு. தாம்பாளம் அகலத்துக்கு ஒரு அப்பம், புளித்த மாவு, உடம்பெல்லாம் கண் மாதிரிப் பொத்தல். அதன் மேலேயே பருப்பு, கீரை, கோழி எல்லாம் குவித்துக் கொண்டுவருவாள். கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். ஸ்பூனே கிடையாது. இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம் கழித்து, அங்கேதான் முதல் தடவையாக ஒரு கடையில் எல்லாரோடும் சேர்ந்து கையால் சாப்பிட்டேன். ஆனால் ஒரே தட்டில் நாலு பேர் கை வைக்கிறார்கள். எச்சில் இல்லையா? நான் எனக்குத் தனித் தட்டு கேட்டேன். சாபா சிரித்தாள். ஒரு துண்டு பிய்த்து, பருப்பைச் சுருட்டி, நேராக என் வாயில் ஊட்டிவிட்டாள். பழகினவங்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம். என் அம்மாவுக்குப் பிறகு எனக்கு ஊட்டினவள் அவள்தான். எச்சிலைப் பற்றி அதற்கு மேல் நான் பேசவில்லை.

3

போன மாசம் ஒரு நாள் வழக்கம்போல் கிளம்பினேன். இரண்டாவது முனையில் வலது பக்கம் திரும்ப வேண்டிய தெருவைத் தோண்டிப் போட்டுத் தடுப்பு வைத்திருந்தார்கள். தண்ணிக் குழாய் வேலை. வேறு யாராக இருந்தாலும் வந்த வழியே திரும்பியிருப்பார்கள். நான் எப்படித் திரும்புவேன்? அடுத்த வலது வரட்டும்னு நேராக நடந்தேன். அடுத்தது ஒரு பள்ளிக்கூடத்து மதில். அதற்கடுத்தது டிராம் ஓடும் பெரிய ரோடு. அதைத் தாண்டிப் பெரிய தோட்டம், வேலி. வட்டம் பெரிசாகிக்கொண்டே போனது. வெயில் வேறு. ஆனால் ஒன்று சொல்கிறேன், புகைபோக்கி என் வலது கைப் பக்கம் தெரிந்துகொண்டே இருந்தது. அது தெரிகிற வரைக்கும் நான் தொலைந்தேன்னு யாரும் சொல்ல முடியாது.

சொல்லிவிட்டார்கள். மல்லிகா வேலை முடிந்து வந்து, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, போலீசுக்குப் போன் செய்திருக்கிறாள். தோட்டத்து ஓரம் நான் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டு நிற்கும்போது கார் வந்து நின்றது. சின்னப் பெண், போலீஸ் தொப்பி, நல்ல மரியாதை. ஏற்றிக்கொண்டாள். தண்ணி கொடுத்தாள். கார் இடது பக்கம் திரும்பியது.

"நோ, நோ"னு சொன்னேன். விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினேன். "ரவுண்ட்."

"ஹோம்"னு அவள் சொன்னாள்.

"ஹோம், எஸ். ரவுண்ட், ஹோம்."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆசிரமத்துப் பக்கம் புத்தி தடுமாறிச் சுற்றுகிற ஆட்களை நான் பார்த்த பார்வை அது. இரண்டு நிமிஷத்தில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மல்லிகாவைத் தனியாக அழைத்து ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"என்னடி சொன்னா?"

மல்லிகா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உனக்குக் கொஞ்சம் குழப்பமா இருக்குதாம். டாக்டர்கிட்ட காட்டச் சொல்றாங்க."

4

என் மகளைக் குறை சொல்லக் கூடாது. அவள் தினமும் பார்ப்பது அதைத்தான். பேர் மறந்தவங்க, வீடு மறந்தவங்க, கதவு திறந்திருந்தால் இறங்கி நடந்து போய்விடுகிறவங்க. அவங்க கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வருவதுதான் அவள் வேலை. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

டாக்டரிடம் போனோம். அவர் கேட்கக் கேட்க மல்லிகா தமிழில் சொன்னாள்.

"இன்னிக்கு என்ன தேதின்னு கேக்கறாரும்மா."

"தேதி எனக்கு எதுக்கு? இன்னிக்கு ஏகாதசி. பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் இருக்குதுன்னு சொல்லு."

அவள் சொன்னாள். டாக்டர் புருவத்தைத் தூக்கி, மேஜைக் காலண்டரைப் புரட்டினார். அதில் நிலா போட்டிருக்கும் போலிருக்கிறது. தலையாட்டினார்.

"கடிகாரம் வரையச் சொல்றாரு."

வரைந்தேன். கடிகாரமும் வலது பக்கமாகத்தானே சுற்றுகிறது, அதில் எனக்கென்ன தடுமாற்றம். எல்லாம் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தனியாக ரொம்ப தூரம் விடாதீங்கனு சொல்லிவிட்டார். அந்த முதல் பாதியை மல்லிகா காதில் வாங்கவே இல்லை.

அந்த வாரமே மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டார். ஊருக்கு வெளியே, காரில் முக்கால் மணி நேரம். புது வீடு, பின்னால் தோட்டம், எலுமிச்சை மரம். எனக்கென்று தனி அறை, தனி பாத்ரூம். சுத்திக் காட்டினார்.

"எப்படிங்க அத்தை?"

"அமைப்பா இருக்குது மாப்ளே. கடை எங்க?"

"கார்ல பத்து நிமிஷம்."

"நடந்தா?"

"இங்க யாரும் நடக்க மாட்டாங்க அத்தை. அதான் சேஃப்டி."

தெருவைப் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. ஒரு நாய் இல்லை. கொடியில் காய்கிற துணிகூடக் கண்ணில் படவில்லை. அகலமான ரோடு, எல்லா வீடும் ஒரே மாதிரி, மேலே பெரிசா வானம். நான் வாசலில் நின்று நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மல்லிகா கவனித்துக்கொண்டே இருந்தாள். "என்னம்மா தேடற?"னு கேட்டாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் டாக்டரிடம் சொல்வாள்.

திங்கட்கிழமை கையெழுத்துனு பேசிக்கொண்டார்கள். அந்த வீட்டுக்குப் போய்விட்டால் நான் அந்த அறையிலேயே உட்கார்ந்து முடிந்துவிடுவேன்னு எனக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. கடை நடத்தினவள் அழுது காரியம் சாதிக்க மாட்டாள்.

"சனிக்கிழமை உனக்கு லீவுதானே? என்னோட ஒரு சுத்து வா. அதுக்கப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்"னு சொன்னேன்.

5

வந்தாள். குதிகால் வைத்த செருப்பு. வேண்டாம்னு சொன்னேன், கேட்கவில்லை.

கோஸ்டா என்னைப் பார்த்ததும் உள்ளே போனார், சூடாக இரண்டு எடுத்து வந்தார். மல்லிகா இங்கிலீஷில் நன்றி சொன்னாள். அவர் அவளிடம் ஏதோ கேட்டுச் சிரித்தார். "என்னடி?"னு கேட்டேன். "உங்கம்மா கடைக்கு முதலாளியா, நான் முதலாளியான்னு கேக்கறாரு"னு சொன்னாள். அவளும் சிரித்தாள், கொஞ்சமாக.

சந்தையில் காபிக் கடைக் கண்ணாடிக்குள்ளே என் படம் மாட்டியிருந்தது. இரண்டு மூக்குத்தியோடு.

"அம்மா! இது நீ!"

"நான்தான்."

"சொல்லவே இல்லியே?"

"நீ என்னைக் கேக்கறதெல்லாம் மாத்திரை போட்டியா, கதவு சாத்துனியா. இதை எங்க கேட்ட?"

அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நடந்தோம். தோண்டின தெருவை மூடிவிட்டார்கள், வலது பக்கம் திரும்பினோம். சாபா கடைக்கு ஒரு தெரு முன்னால் மல்லிகா நின்றுவிட்டாள். செருப்பு குதிகாலைக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"போதும்மா. வா, திரும்பிடலாம். வந்த வழியே போனா கிட்ட."

"நீ போ. நான் சுத்தி வர்றேன்."

"இதுதாம்மா! இதைத்தான் நான் சொல்றேன்!" அவள் குரல் உடைந்தது. ரோட்டில் போனவங்க திரும்பிப் பார்த்தார்கள். "ரோட்டை அடைச்சிருந்தா திரும்பணும்னு தெரியணும் இல்ல? போலீஸ்காரிகிட்ட சுத்திப் போன்னு சொல்லியிருக்க. வேலைக்குப் போற எடத்துல எத்தினி பேரைப் பாக்கறேன் தெரியுமா? மொதல்ல இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் என்னன்னு நெனைக்கறது?"

நான் புகைபோக்கியைக் காட்டினேன். "அது எந்தப் பக்கம் இருக்குது?"

"எது?"

"அது. நம்ம கெளம்புனதுல இருந்து எந்தப் பக்கம் இருக்குது?"

அவள் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள். மறுபடி புகைபோக்கியைப் பார்த்தாள். சொல்லித் தெரிய வேண்டியவள் இல்லை அவள், நம்ம மலையடியில் பிறந்தவள். அவளுக்கு ஆறு வயசில் ஒரு பௌர்ணமிக்கு மூணு பேரும் சுற்றக் கிளம்பினோம். பாதி தூரம் போவதற்கு முன்னாலேயே முள் குத்தி, திரும்பலாம்னு அழுதாள். அவள் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மீதி மலையைச் சுற்றி முடித்தார். மறுநாள் அவருக்குக் கழுத்துத் திரும்பவில்லை, கடையில் மாவு ஆட்டினது நான்தான்.

"அப்பா..."னு ஆரம்பித்தாள். ரோட்டு ஓரத்து மதிலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்துவிட்டது.

"இதை டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? போலீஸ்காரிகிட்ட சொல்ல வேண்டியதுதானே? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"உன்கிட்ட போய் இதைச் சொல்லணுமா?"

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வந்த வழியைப் பார்க்கவில்லை. புகைபோக்கியை வலது பக்கம் வைத்துக்கொண்டு நடந்தாள்.

சாபா அவள் காலைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து தன் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள். காபிக் கொட்டையை எங்கள் முன்னாலேயே வறுத்து, அந்தப் புகையைக் கையால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள், கற்பூரத் தட்டு காட்டுகிற மாதிரி. அப்பம் வந்தது. மல்லிகா ஸ்பூனைத் தேடினாள். சாபா ஒரு வாய் சுருட்டி அவள் வாயில் ஊட்டினாள். என் மகள், ஆஸ்பத்திரிச் சுத்தம் பார்க்கிறவள், மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தாள்.

"காரம் நம்ம ஊரு மாதிரியே இருக்குதும்மா"னு கண்ணில் தண்ணியோடு சொன்னாள். காரத்துக்குத்தான்னு நான் வைத்துக்கொண்டேன்.

மீதிச் சுற்றையும் முடித்து, வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தோம்.

6

மாப்பிள்ளை மேஜையில் வீட்டுக் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மல்லிகா ரப்பர் செருப்போடு உள்ளே வந்து, உட்காராமல் கேட்டாள்.

"ஏங்க, அந்த வீட்டுப் பக்கம் நடுவுல என்ன இருக்குது?"

"எதுக்கு நடுவுல?"

"அந்த ஏரியாவுக்கு."

அவர் யோசித்தார். கடலூர்க்காரர், அவருக்கு எப்படித் தெரியும். "நடுவுல ஷாப்பிங் சென்டர் ஒண்ணு வருதாம். ஏன்?"

"கண்ணுக்குத் தெரியற மாதிரி உசரமா ஏதாச்சும்?"

"இல்லியே. எல்லாம் ஒரே மட்டம். அதான் அழகு."

மல்லிகா காகிதங்களை ஒன்றாகச் சேர்த்து உறையில் போட்டாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் உட்கார்ந்து, கடித்த காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். தோண்டின தெரு, போலீஸ் கார், ரவுண்ட், கடிகாரம், அவள் அப்பாவின் கழுத்து. நான் சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டு கேட்டேன். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை.

வீட்டை வாங்கவில்லை. இதே பேட்டையில் பார்க்கலாம், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லைனு முடிவாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு எலுமிச்சை மரம் போன வருத்தம் உண்டு, தொட்டியில் ஒன்று வைத்துக் கொடுத்திருக்கிறேன். தனியாகத் தூரம் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்னு மல்லிகா கட்டளை. அதற்கு நான் ஒத்துக்கொண்டேன். அவளும் ராத்திரி சாப்பிட வேண்டுமே.

அடுத்த சனிக்கிழமை காலையில் நான் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது பின்னால் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை. குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, கையில் ஷூவை வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"அத்தை, ஷூ போட்டுக்கலாங்களா? இல்ல, வெறுங்காலோடதான் வரணுமா?"

"போட்டுக்கோங்க மாப்ளே"னு சொன்னேன். "இங்க வெள்ளிக்கிழமை ராத்திரி பாட்டில் ஒடைச்சுப் போட்டிருப்பானுங்க. வலது பக்கம் மட்டும் மறந்துடாதீங்க."